மீட்டர் முள் பொய் சொல்கிறதா? கார் டேஷ்போர்டு மீட்டர் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பெட்ரோல் முள் காலியிலேயே படுத்திருக்கிறது”, “ஹீட் முள் ஏறவே மாட்டேன் என்கிறது”, “மீட்டர் போர்டையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக்”. தெரிந்தவர்களிடமிருந்து இப்படிப் போன் வந்துகொண்டே இருக்கும். நான் மெக்கானிக் இல்லை. பழைய கார்களை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கிற ஆள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் நல்லது என்று தோன்றியது. இதில் உள்ளவை பெரும்பாலும் 1990களிலும் 2000களிலும் வந்த, முள் வைத்த மீட்டர் உள்ள கார்களுக்குப் பொருந்தும். புதிய வண்டிகளுக்குப் பின்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

முள் தப்பாகக் காட்டினால் முதலில் மீட்டரைத்தானே கழற்றிப் பார்க்க வேண்டும்?

அதைக் கடைசியில் செய்யுங்கள். பெட்ரோல் மீட்டரோ, இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரோ, கரண்ட் போகும் பாதை ஒன்றுதான்: ஃப்யூஸிலிருந்து மீட்டருக்கு, மீட்டரிலிருந்து ஒரு நீள ஒயர் வழியாக டேங்குக்கோ இன்ஜினுக்கோ, அங்கே இருக்கும் சென்சார் வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு இணைந்திருக்கும் வண்டியின் இரும்பு உடம்புக்கு. சென்சார் எவ்வளவு கரண்டை விடுகிறதோ அவ்வளவு தூரம் முள் நகரும்.

இந்தப் பாதையில் சொகுசாக இருப்பது மீட்டர் மட்டும்தான். நிழலில், மழை படாமல், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. டேங்கில் இருக்கும் மிதவை, அதாவது கடைக்காரர்கள் ‘டேங்க் யூனிட்’ என்று சொல்வது, பெட்ரோலில் மூழ்கி, வண்டி போகும் நேரமெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதன் கப்ளர், அதாவது ஒயர்களைச் செருகி இணைக்கும் முனை, சேற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. இன்ஜின் பக்க ஒயர் சூட்டில் விறைத்துப்போகிறது. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டி என்றால் எலி வேறு. அதனால் தூரத்து முனையிலிருந்து ஆரம்பித்து மீட்டரை நோக்கி வர வேண்டும். தலைகீழாகச் செய்தால் டேஷ்போர்டு கிளிப்புகள் உடைந்து, பழைய கோளாறோடு ‘கடகட’ சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

முள்தான் தப்பு, வண்டி சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

ஹீட் முள் என்றால் கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) மூடிக்குப் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அடித்தால் அளவு குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அடியுங்கள். ஓடிச் சூடான இன்ஜினில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலம்.

பெட்ரோல் முள்ளுக்கு இன்னும் எளிய வழி: டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, முள் கால் கால் பாகமாக இறங்கும்போது கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். நான்கு பாகமும் சமமாக வராது, டேங்கின் வடிவம் அப்படி. மலைப்பாதையில் இந்தக் கணக்கு உதவாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும். மிதவையும் அதோடு ஏறி இறங்கும்.

பெட்ரோல் முள் எப்போதும் காலியிலேயே இருக்கிறது. டேங்க் யூனிட் போயிற்றா, மீட்டர் போயிற்றா?

இதற்கு வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர்கூட வேண்டாம். இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட், 3 வாட் அளவுள்ள ஒரு சின்ன பல்பு போதும்.

டேங்க் யூனிட்டின் கப்ளரைக் கண்டுபிடியுங்கள். சில கார்களில் பின்சீட்டுக்குக் கீழே, சிலவற்றில் அடியில் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். டேங்குக்குள்ளேயே பம்ப் உள்ள வண்டிகளில் ஒரே கப்ளரில் பம்ப் ஒயர்களும் வரும். அவை தடிமனானவை. மீட்டர் ஒயர் மெல்லியது. எது எது என்பதை ஒயரிங் படத்தில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். யூகத்தில் பம்ப் ஒயரை எர்த் செய்தால் ஃப்யூஸ் போகும். பெட்ரோல் வாடை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், முதலில் பார்க்க வேண்டியது கசிவைத்தான்.

சாவி ஆஃப். கப்ளரைக் கழற்றுங்கள். சாவி ஆன். முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இப்போது மீட்டர் ஒயரிலிருந்து பல்பு வழியாக நல்ல எர்த் ஒன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். முள் எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். சில மீட்டர்களில் டக்கென்று போகும், சிலவற்றில் அரை நிமிடம் எடுத்துச் சோம்பலாக ஏறும், அவசரப்படாதீர்கள்.

முள் ஏறிவிட்டதா? மீட்டர் நலம், ஒயர் நலம், ஃப்யூஸ் நலம். குற்றவாளி டேங்க் யூனிட், அல்லது அதன் எர்த். ஏறவில்லையா? இதே சோதனையை மீட்டருக்குப் பின்னாலேயே செய்யுங்கள். அங்கே ஏறினால் நடுவில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் ஏறாவிட்டால், மீட்டருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

பல்பு எதற்கு, நேராகத் தொட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரு நொடி தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சில மீட்டர்களுக்குள் இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. முழுக் கரண்டை விட்டு வைத்துவிட்டு நீங்கள் முன்னால் நடந்துபோய் முள்ளைப் பார்ப்பதற்குள் அது கருகிவிடலாம். பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துகிறது.

எல்லா வண்டியிலும் எர்த் கொடுத்தால் முள் நிறைந்த பக்கம்தான் போகுமா?

இல்லை. பல ஜப்பானிய வழிக் கார்களில் டேங்க் நிரம்பினால் டேங்க் யூனிட்டின் மின்தடை சில ஓம்தான், காலியானால் 100 ஓமுக்குச் சற்று மேல். அதில் எர்த் கொடுத்தால் ‘எஃப்’, கழற்றினால் ‘ஈ’. ஜெர்மன் மீட்டர் கம்பெனியான விடிஓவின் வகையில் காலிக்கு 10 ஓம், நிரம்பினால் 180 ஓம். அதில் அப்படியே தலைகீழ்: ஒயர் அறுந்தால் முள் நிரம்பியதாகக் காட்டும். அமெரிக்க ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் பூஜ்யம் முதல் 90 ஓம், அதுவும் இந்தத் திசைதான். “எப்போதும் ஃபுல் காட்டுகிறது” என்று ஒருவர் சொன்னால், எந்த வகை மீட்டர் என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. கழற்றினால் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

பாதி டேங்க் வரை ஒழுங்காகக் காட்டுகிறது. அப்புறம் திடீரென்று விழுகிறது, பத்து கிலோமீட்டர் கழித்து மறுபடி எழுந்துகொள்கிறது. பேய் பிடித்த மாதிரி.

இந்தப் பேய் எனக்கு நன்றாகத் தெரியும். என் பழைய ஹேட்ச்பேக்கில் இரண்டு மாதம் இதே கூத்து. ஒருவர் மீட்டரை மாற்றச் சொன்னார், இன்னொருவர் ஒயரிங் முழுவதும் என்றார். ஒருநாள் பெரம்பலூர் தாண்டி முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் பங்கில் இறக்கிவிட்டார்.

டேங்க் யூனிட்டை வெளியே எடுத்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. மிதவையின் கை முனையில் ஒரு சின்ன உலோக நாக்கு. அது வில் மாதிரி வளைந்த ஒரு மெல்லிய தடத்தின்மேல் உரசிக்கொண்டு போகும். அந்தத் தடத்தின் நடுவில், அரை டேங்க் முதல் கால் டேங்க் வரையான இடத்தில், நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம்; சுற்றிலும் கறுப்பு. நாம் எப்போதும் பாதி டேங்கிலும் கால் டேங்கிலுமே வண்டி ஓட்டுவதால் அந்த இடம்தான் தேய்கிறது.

மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, கையை மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்தினேன். 4, 11, 19, 27 என்று அழகாக ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று திரையின் ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும். தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் 41. மறுபடி ‘1’. நல்ல யூனிட்டில் எண் எங்கும் துள்ளாமல் ஏறும் அல்லது இறங்கும்.

தடத்தில் வெறும் கறுப்பு மட்டும் இருந்தால் காண்டாக்ட் கிளீனர் போட்டு மென்மையான துணியால் துடைத்துப் பார்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், இருக்கிற தடமும் போய்விடும். பள்ளம் விழுந்திருந்தால் புது யூனிட்தான். பெட்ரோலில் உள்ள கந்தகம்கூட இந்தத் தொடர்புகளைக் கெடுக்கும். 2004-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் கந்தகம் கூடுதலாக இருந்த பெட்ரோல் விற்கப்பட்டு, ஏராளமான கார்களின் டேங்க் சென்சார்கள் பழுதாகி, அந்தப் பெட்ரோலின் விற்பனையையே நிறுத்தும்படி ஆனது. தடத்திலிருந்த வெள்ளியைக் கந்தகம் அரித்துவிட்டது.

மிதவையையும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ‘சளக்’ என்றால் ஓட்டை. மிதக்காமல் மூழ்கிக் கிடந்திருக்கிறது. பழைய பித்தளை மிதவை என்றால் சுடுதண்ணீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அதற்கு ஈயம் பற்றவைக்கலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி.

ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் நகர்கிறது. இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் சேர்ந்து துடிக்கிறது.

எர்த். யோசிக்கவே வேண்டாம். முள் மட்டும் நகர்ந்தால் டேங்க் பக்க எர்த், மீட்டர் போர்டு விளக்குகளும் மங்கினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த். பாடியில் திருகியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்று ஆக்கி, மறுபடி இறுக்குங்கள். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை அந்த எர்த் ஒயரில், எல்லா லைட்டும் எரிகிற நிலையில் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் கெட்டது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களை அதற்குப் பின் வாங்கியவர்கள் இதில் தனியாகக் கவனம் வைக்கலாம். கப்ளருக்குள் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் அங்கே குடியிருந்திருக்கிறது.

பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒரே நாளில் கெட்டுப்போயின.

இரண்டு சென்சாரும் பேசிவைத்துக்கொண்டு சாகாது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள்: ஃப்யூஸ், மீட்டர் போர்டுக்கு வரும் 12 வோல்ட், அதன் எர்த். பிரிட்டிஷ் வழிப் பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் மீட்டருக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டியைவிடச் சின்ன டப்பா ஒன்று இருக்கும். கரண்டை விட்டு விட்டுத் தந்து, சராசரி 10 வோல்ட்டாக வைத்திருப்பது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டாலோ, அதன் எர்த் போனாலோ, இரண்டு முள்ளும் இருக்க வேண்டியதைவிட மேலே காட்டும். அது அறுந்தால் இரண்டும் கீழே படுத்துவிடும்.

ஹீட் முள் ‘சி’யை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

முதலில் ஒரு சங்கடமான கேள்வி: தெர்மோஸ்டாட் வண்டியில் இருக்கிறதா? “நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்” என்று அதைப் பிடுங்கிப் போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஹைவேயில் சூடேறாமலே ஓடும். முள் உண்மையைத்தான் சொல்கிறது. ஊருக்குள் டிராஃபிக்கில் ஏறி, ஹைவேயில் இறங்கினால் அநேகமாக இதுதான். ஊர் வெயில் 40 டிகிரி இருக்கலாம், இன்ஜினுக்கு வேண்டியது அதைப்போல இரண்டு பங்கு. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட் இருக்கிறது என்றால் பல்பு சோதனை. ஒற்றை ஒயர் சென்சாரின் ஒயரைக் கழற்றி பல்பு வழியாக எர்த் கொடுத்தால் முள் ‘ஹெச்’ பக்கம் ஏற வேண்டும். ஏறினால் சென்சார் பழுது.

பழுதில்லாமலும் இருக்கலாம். ஒற்றை ஒயர் சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, மரை வழியாகத்தான் எர்த். கசியக்கூடாது என்று யாராவது குழாய் வேலைக்கான வெள்ளை டெஃப்ளான் டேப்பை நாலு சுற்று சுற்றிப் போட்டிருந்தால் எர்த் அறுந்துவிடும். புது சென்சார் போட்ட மறுநாளே முள் செத்துவிட்டது என்றால் நான் முதலில் தேடுவது அந்த வெள்ளை டேப்பைத்தான்.

வெளியே எடுத்த சென்சாரைப் பாத்திரத்துத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கியும் பார்க்கலாம் (சமையலுக்குத் திரும்ப எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும்). சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பலவற்றில் இரண்டு சென்சார் இருக்கும்: ஒற்றை ஒயர் உள்ளது மீட்டருக்கு, இரண்டு ஒயர் உள்ளது கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டர் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். மீட்டர் சென்சாரின் எண்கள் அதைவிட மிகச் சிறியவை. தப்பானதை வாங்கிவந்து புலம்பியவர்கள் உண்டு.

சாவி போட்ட உடனேயே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, முள் ‘ஹெச்’சுக்கு ஓடுகிறது.

ஒயரைச் சென்சாரிலிருந்து கழற்றுங்கள். முள் இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட். இறங்காவிட்டால் ஒயர் எங்கோ உரசி, தோல் போய், இரும்பைத் தொடுகிறது.

ஹீட் முள் ஏறுகிறது. மீட்டர்தான் கோளாறாக இருக்கும், அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். ஏறும் முள்ளை நம்பி வண்டியை ஓரங்கட்டுங்கள். கோளாறு முள்ளில்தான் என்று பிறகு தெரிந்தால் போனது அரை மணி நேரம். நம்பாமல் ஓட்டினால் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பகுதி, வளையும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்ட வண்டியில் தண்ணீர் 118 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் அடங்கியிருக்கும், மூடி திறந்த நொடியில் மொத்தமும் முகத்துக்கு வரும்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) முழுக்க வெளியேறி, சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தாலும் முள் இறங்கும்.

ஆயில் லைட் எரிகிறது. அதுவும் சென்சார் கோளாறாக இருக்கலாம் இல்லையா?

இருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, பிரஷர் கேஜ் மாட்டி அளந்த பிறகு அப்படிச் சொல்லுங்கள். சாவி போட்டதும் அந்த லைட் எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். பல்பு போயிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், யாராவது வேண்டுமென்றே பிடுங்கியும் இருக்கலாம். பழைய கார் வாங்கும்போது இதை நான் தவறாமல் பார்ப்பேன்.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடுகிறது. செல்போன் காட்டும் வேகத்தைவிடக் கூடுதலாகவும் காட்டுகிறது.

கூடுதலாகக் காட்டுவது கோளாறு இல்லை. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டக்கூடாது. மேலே, உண்மை வேகத்தில் 10 சதவீதமும் கூட 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். அதாவது உண்மையில் 80-இல் போகும்போது 92 வரை. டயர் அளவை மாற்றினால் இந்தக் கணக்கு நகரும். மாருதி 800-இல் 145/70 ஆர்12-க்குப் பதில் 155/70 ஆர்12 போட்டால் சக்கரம் ஏறத்தாழ 3 சதவீதம் பெரிதாகிறது. மீட்டர் 60 என்று சொன்னதற்கு முன்பைவிட இரண்டு கிலோமீட்டர் வேகமாகப் போவீர்கள்.

கேபிள் வைத்த மீட்டரில் முள் ஆடினால் கேபிள் காய்ந்துபோயிருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. வெளியே உருவி கிரீஸ் தடவுங்கள், ஆனால் மீட்டர் பக்கத்து மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். அங்கே தடவினால் சுழற்சியில் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய்விடும். முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிள். முள் ஓடி, எண் மட்டும் நின்றால் மீட்டருக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

என் கார் புதுசு. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மிதவைத் தத்துவம் பொருந்தும், ஒயரை எர்த் செய்வது பொருந்தாது. புதிய வண்டிகளில் சென்சார் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது, கம்ப்யூட்டர் மீட்டருக்குச் செய்தி அனுப்புகிறது, அங்கே ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார் முள்ளைத் திருப்புகிறது. பல்பும் கையுமாக அங்கே போகாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியைச் செருகும் இடம்) மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கூலன்ட் வெப்பத்தைச் செல்போனில் பாருங்கள். ஸ்கேனரில் 90, முள் செத்துக் கிடக்கிறது என்றால் மீட்டர் பக்கம் தேடுங்கள். ஸ்கேனரிலேயே எண் அபத்தமாக இருந்தால் சென்சார் பக்கம். இன்னொன்று: பல புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே முள்ளை நடுவில் பிடித்து வைக்கும், வெப்பம் இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் அசையாது. வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரக்கூடாது என்பதற்காக.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, மீட்டரைக் கழற்றியே ஆக வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் இருந்தால் சில நிமிடம் காத்திருங்கள். பின்பக்கம் செம்புக் கோடுகள் ஓடும் பிளாஸ்டிக் தாள் இருக்கும். பல மீட்டர்களில் முள் யூனிட்டைப் பிடித்திருக்கும் திருகுகளே கரண்டையும் கடத்துகின்றன. அவற்றை அரைச்சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கினாலே உயிர் வந்துவிட்ட மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன். முள்ளைக் கையால் சுற்றிப் பார்க்காதீர்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மீட்டரோ டேங்க் யூனிட்டோ வாங்கிப் போடலாமா?

போடலாம், மல்டிமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். டேங்க் யூனிட் என்றால் கடை வாசலிலேயே மேலும் கீழும் ஆட்டி ஓமைப் பாருங்கள். உங்கள் பழைய யூனிட்டின் இரு முனை எண்களும் இதன் எண்களும் ஒத்துப்போக வேண்டும். உருவம் அச்சாக ஒன்றுபோல் இருந்தும் உள்ளே ஓம் வேறாக இருக்கும். மீட்டர் போர்டு என்றால் கப்ளர் முள்களை எண்ணி, பழையதன் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். அதிலிருக்கும் கிலோமீட்டர் உங்கள் வண்டியினுடையது அல்ல. மாற்றிய தேதியையும் இரண்டு மீட்டர்களின் எண்களையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், நாளை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். டேங்க் யூனிட்டுக்கு ரப்பர் வாஷர் மட்டும் புதுசாக வாங்குங்கள். பழையதையே போட்டு மூடினால் டேங்கை நிரப்பிய அன்று பின்சீட்டில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.